எறும்புக்கு மஞ்சள் தூவச் சொன்ன ஆசிரியருக்கு, மாங்குளத்து பஸ் வீட்டிலயிருந்து

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில வீட்டுக்குறிப்புப் பக்கத்தில, எறும்பு வாற இடத்தில மஞ்சள்தூளைத் தூவிவிட்டா அது அந்தப் பக்கமே தலைவைச்சுப் படுக்காது எண்டு ரெண்டு வரியில போட்டிருந்தீங்கள். எழுதின பிள்ளையில எனக்குக் கோவம் ஒண்டும் இல்ல. ஆனா உந்தக் குறிப்பை நான் போன வருசமே செய்து பாத்தனான், கால் கிலோ மஞ்சள், அதுவும் மனுசி தூள் இடிக்கவெண்டு வேண்டி வைச்ச மஞ்சள், அவ்வளவையும் கொண்டுபோய்க் கொட்டினன். ஒரு ரெண்டு மணித்தியாலம் எறும்பு குழம்பித் திரிஞ்சுது, பேந்து மஞ்சளைச் சுத்திப் புதுசா ஒரு றோட்டுப் போட்டுது, ஏ 9 கூட அவ்வளவு கெதியாப் போடேல்ல. அதால இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நீட்டா எழுதுறன், வெட்டாமல் போடுவீங்கள் எண்டு நம்புறன்.

முதல்ல நான் எங்க இருக்கிறன் எண்டதைச் சொல்லோணும். மாங்குளத்துக்கு உள்ளுக்க எங்கட காணியில வீடு கட்டத் துவங்கி லிண்டல் மட்டத்துக்கு வந்து நிக்கேக்கதான் 2022 வந்தது, சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தாண்டின காலம், எல்லாருக்கும் தெரியும். சுவர் அப்பிடியே நிண்டுட்டுது. அந்த நேரம் எஞ்சின் போன ரோசா பஸ் ஒண்டு மலிவாக் கிடந்தது, நான் முந்தி பஸ்ஸில ஓடின ஆள், பஸ்ஸுக்க படுத்து எழும்பிப் பழக்கம், கட்டி இழுத்துக்கொண்டு வந்து காணியில விட்டன். சீற்றெல்லாம் கழட்டி, உள்பக்கம் தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில வெக்கை தாங்க ரெஜிபோம் எண்டுற வெள்ளை நுரைப்பலகை அடைச்சு, ரெண்டு கட்டில், ஒரு குசினி மேசை, பற்றரியில ஓடுற லைட், தண்ணி ராங் எல்லாம் பூட்டி ரெண்டுபேரும் அதுக்குள்ள குடிபோனம். ஊர்ச்சனம் சிரிச்சுது. கனடாவில இருக்கிற மச்சான் மட்டும் வீடியோவில பாத்துட்டு, அத்தான் இதைத்தான் இஞ்ச ஆர்வி எண்டுறது, இதுக்குத்தான் இஞ்ச ஆக்கள் கடன் எடுத்துத் திரியினம் எண்டான். எறும்பு வருமோ எண்டு கேட்டன். வரும், இஞ்சயும் அதுதான் பெரிய தலையிடி எண்டான். அப்ப எனக்கு விளங்கேல்ல.

பஸ்ஸை நான் நிப்பாட்டினது பாலை மரத்துக்குக் கீழ. வன்னி வெயிலுக்குத் தகரப்பெட்டிக்குள்ள இருக்கிற ஆள் நிழல் பாக்காமல் என்ன செய்யிறது. ஆனா வைகாசி கடைசியில பாலைப்பழம் பழுக்கத் துவங்க, பழம் முழுக்கக் கூரையில விழுது, பால் ஒட்டுது, வெயிலில உருகுது, கூரை முழுக்கச் சீனிப்பாணி பூசின மாதிரி. சின்னனில பாலைப்பழம் பொறுக்கிச் சாப்பிட்டு வாய் ஒட்டித் திரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும் அந்த இனிப்பு. எறும்புக்கும் தெரியும். ஆடிவரைக்கும் அதுகள் கூரையோட நிண்டுதுகள், நானும் கவலைப்படேல்ல. ஐப்பசியில மழை துவங்கிச்சுது பாருங்கோ, எங்கட காணி பள்ளக்காணி, நிலம் ஊறினதும் கீழ இருந்த கூட்டம் முழுக்க முட்டை குஞ்சோட மேல ஏறி, மேல எண்டா என்ர பஸ், வேற எது.

பெரிய கட்டெறும்பெண்டா கண்டு விலத்தலாம், முசுறெண்டா கடிச்சுச் சொல்லிப்போட்டுப் போகும். இது ஒண்டரை மில்லிமீற்றர்கூட வராத பொடி எறும்பு, தலை மட்டும் கறுப்பு, வயிறும் காலும் பால் மாதிரி வெளிறி, வெள்ளை மேசையில போனா தலை மட்டும் தனிய ஊருற மாதிரித் தெரியும். விரலால நசுக்கினா ஊசின தேங்காய் மணம். கடிக்காது. கடிக்காததுதான் கரைச்சல், ஏனெண்டா எவ்வளவு இருக்கெண்டு கணக்கே தெரியாது. சீனிப்போத்தில் மூடியின்ர மரைக்குள்ளால போகுது, பனங்கட்டிப் பெட்டிக்குள்ள குடும்பம் நடத்துது, பல்லுத் தீட்டுற பிரஷில தண்ணி குடிக்குது. விடிய தேத்தண்ணி குடிக்கேக்க மேல மிதக்கும், எறும்பு திண்டா கண் நல்லாத் தெரியும் எண்டு மனுசி சொல்லுவா, அப்பிடியெண்டா இப்ப எனக்கு முறிகண்டிப் பிள்ளையார் மாங்குளத்திலயிருந்தே தெரியோணும்.

ஒருநாள் உள்ளுக்க லைட் வேலைசெய்யேல்ல. கராஜ்காரப் பெடியனைக் கூட்டிவந்து சுவிட்சைக் கழட்டித் தட்டினா, வறுத்த எள்ளு மாதிரிக் கொட்டுது, எல்லாம் கருகின எறும்பு. அண்ணை உது வயருக்குள்ளயும் போயிருக்கும், பியூஸ் பெட்டியையும் பாருங்கோ எண்டான். அண்டைக்குத்தான் எனக்குப் பயம் பிடிச்சது. வீடெண்டா சுவர் கிடக்கு, இது வாகனம், ஒரு பிளைவுட்டுக்கு அங்கால வயர், அதுக்குப் பக்கத்தில காஸ் குழாய்.

அதுக்குப் பிறகு நான் செய்த விசர் வேலையெல்லாம் ஒழிக்காமல் சொல்லுறன். மஞ்சள் சொல்லிட்டன். மண்ணெண்ணை துடைச்சன், மூண்டு நாள் சோறு கறியெல்லாம் மண்ணெண்ணை மணத்துது, காஸ் அடுப்புப் பத்தவைக்கேக்க மனுசி வெளியில போய் நிண்டா, சொல்லி வேலையில்ல. எறும்புச் சோக்கால கோடு கீறினன், மழை ஈரத்தில ரெண்டாம்நாள் கோடு இல்ல. பேந்து ரின்னில வாற ஸ்பிரே ஒண்டு வேண்டி கதவு யன்னல் பூட்டிப்போட்டு அடிச்சன். செத்துதுதான், கூட்டி அள்ளினா ஒரு சிரட்டை. எனக்கும் தலையிடி, அண்டிரவு ரெண்டுபேரும் லிண்டல் வீட்டுக்குள்ள தறப்பாளைக் கட்டிப் படுத்தம், 2009 சண்டை இடப்பெயர்வுக்குப் பிறகு தறப்பாளுக்குக் கீழ படுக்கிறேல்ல எண்டு இருந்த மனுசி, எறும்பால திரும்பப் படுத்தா. ஒண்டும் கதைக்கேல்ல அண்டைக்கு.

ஸ்பிரே அடிச்சு நாலாம்நாள் பாத்தா முந்தி ஒரு வரிசை வந்த இடத்தில இப்ப மூண்டு வரிசை, ஒண்டு டிரைவர் சீற்றடியில, ஒண்டு தண்ணி ராங்கடியில, ஒண்டு நாங்கள் படுக்கிற தலைமாட்டில.

அதுக்கு மேலதான் நான் செய்த பெரிய பிழை. ஒரு சந்திக் கடையில கேட்டன், கடைக்காரர் உள்ளுக்க போய் வயலுக்குப் போடுற மருந்து எண்டு சொல்லி ஒரு குறுணல் சாமானைச் சொப்பிங் பையில கட்டித் தந்தார். பேர் இல்ல, லேபல் இல்ல, எவ்வளவு போடுறதெண்டு இல்ல, சும்மா தூவுங்கோ எண்டார். ரயரைச் சுத்தித் தூவினன். அடுத்தநாள் பக்கத்துக் காணிக் கோழி ரெண்டு செத்துக் கிடந்தது. காசு குடுத்தன், மன்னிப்புக் கேட்டன், ஆனா அந்த வீட்டில தவழுற பிள்ளை ஒண்டு இருக்கு எண்டது நினைவு வர எனக்குக் கை நடுங்கிப் போச்சு. மேல்மண்ணைக் கிளறி எடுத்துப் பையில கட்டி வைச்சன். இந்த இடத்தைப் பேப்பரில கட்டாயம் போடுங்கோ ஐயா. 1980ம் ஆண்டின் 33ம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் எண்டு ஒண்டு எங்கட நாட்டில இருக்கு, மருந்தெண்டா பதிஞ்ச மருந்தா இருக்கோணும், லேபலோட விக்கோணும், பையில பிரிச்சுக் கட்டி விக்கக்கூடாது. சட்டம் வந்து 40 வருசத்துக்கு மேல, சந்திக்கு வந்து சேரேல்ல. வீட்டுக்குறிப்பு எழுதுற இடத்தில இதையும் ஒருக்கா எழுதினா புண்ணியம்.

சரி, எப்பிடித் தப்பினம் எண்டதுக்கு வாறன். தங்கச்சியின்ர மகள் கிளிநொச்சி அறிவியல் நகரில விவசாய பீடத்தில படிக்கிறாள். லீவில வந்தவள், நான் ஸ்பிரே அடிச்ச கதையைச் சொல்லச் சொல்லத் தலையில கைவைச்சாள். மாமா உங்களுக்குத் தெரியிற எறும்பு வேலைக்காரர் மட்டும்தான், வெளியில சாப்பாடு தேட வாறது கொஞ்சம், கூட இருக்கிறது கூட்டுக்குள்ள, ராணியும் குஞ்சும் உள்ளுக்க, நீங்கள் வெளியில வாறதை எத்தினை சிரட்டை அள்ளினாலும் உள்ளுக்க முட்டை போட்டுக்கொண்டே இருக்கும் எண்டாள். அதோட இந்தச் சாதிக்கு ஒரு ராணி இல்லையாம், ஒரு கூட்டிலயே கனக்க ராணி. மருந்து அடிச்சுக் கலைச்சா ஒவ்வொரு ராணியும் கொஞ்ச ஆக்களைக் கூட்டிக்கொண்டு வேற வேற இடத்தில புதுக்குடித்தனம் போயிடுமாம். ஒரு வரிசை மூண்டு வரிசை ஆன கதை அதுதான். நான் என்ர காசைக் குடுத்து எறும்புக்குக் காணி பிரிச்சுக் குடுத்திருக்கிறன்.

அப்ப என்ன செய்யிறது எண்டு கேட்டன். சாப்பாடு போடுங்கோ எண்டாள்.

சாப்பாடெண்டா சீனித்தண்ணிக்குள்ள போறக்ஸ் கலந்தது. எறும்பு குடிச்ச தண்ணியைத் தன்ர வயித்தில வைச்சுக்கொண்டுபோய்க் கூட்டுக்குள்ள மற்றதுகளுக்கு வாய்க்கு வாய் குடுக்கும், அப்பிடியே ராணி வாய்க்கும் போகும், மெதுவாக் கொல்லுற மருந்தெண்டபடியால கொண்டுபோறதுக்கு நேரம் கிடைக்கும், அதுதான் சூட்சுமம். போறக்ஸுக்கு நான் எங்க போறது எண்டு கிளிநொச்சியில நாலு கடை ஏறி இறங்கினன், ஒருத்தருக்கும் தெரியேல்ல. கடைசியில நகைவேலை செய்யிற தெரிஞ்ச பத்தர் ஒராளிட்டக் கதையோட கதையாக் கேக்க, அது வெங்காரமெல்லோ அண்ணை, பொடி வைச்சு ஊதேக்க நாங்கள் போடுறது எண்டு மேசை லாச்சியில இருந்து எடுத்துத் தந்தார். வெங்காரம்! எங்கட அப்பாச்சி காலத்துச் சொல்லு, நான் ஊரெல்லாம் இங்கிலீசில கேட்டுத் திரிஞ்சிருக்கிறன்.

இதிலயும் ஒருக்காப் பிழைச்சன். கொஞ்சம் கூடப் போட்டா கெதியாச் சாகும் எண்டு ஒரு கோப்பைத் தண்ணிக்கு மூண்டு கரண்டி போட்டன். சோடாப்போத்தில் மூடியைச் சுத்தியே செத்துக்கிடந்துதுகள், அடுத்தநாள் ஒண்டும் கிட்ட வரேல்ல. மருமகள் பாத்துட்டு, மாமா விருந்து வைக்கச் சொல்ல நீங்கள் செத்தவீடு வைச்சிருக்கிறியள் எண்டாள். மருந்து நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கிட்ட இருந்தாக் காணும். பேந்து அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணியில ஒரு தேக்கரண்டி வெங்காரம், ஆறு மேசைக்கரண்டி சீனி, நல்லாக் கரைச்சு, பஞ்சைத் தோய்ச்சு மூடியில வைச்சு, வரிசை வாற வழியில வைச்சன்.

ஐயா, முதல்நாள் வந்த கூட்டம் இருக்கே, வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குச் சனம் போற மாதிரி. எங்கெங்க இருந்ததெல்லாம் வருது, மூடி தெரியேல்ல. மனுசி தும்புத்தடியோட நிக்கிறா, நான் குறுக்க நிக்கிறன், விடு, திண்டுட்டுப் போகட்டும் எண்டு. கன ஆக்கள் இந்த இடத்திலதான் தோக்கிறது. கூடுதே எண்டு பயந்து துடைச்சுப்போடுவினம், இல்லாட்டி பக்கத்தில ஸ்பிரே அடிப்பினம், அவ்வளவும் வீண். அந்த நேரத்தில எறும்பு போற வழியை அழிக்கக்கூடாது, அது தன்ர வயித்தால மணம் பூசிப் பூசித்தான் வழி வைக்கிறது, அந்த வழிதான் எங்கட மருந்தைக் கூட்டுக்குக் கொண்டுபோற றோட்டு. ஆனா வேற சாப்பாடு ஒரு பருக்கைகூடக் கிடக்கக்கூடாது. சீனி, பனங்கட்டி, தேங்காய்ப்பூ எல்லாம் தண்ணித் தட்டுக்கு நடுவில, சட்டி பானை உடன கழுவி, சமையல் வெளியில கொட்டிலுக்க. எங்கட வெக்கைக்குப் பஞ்சு அரைநாளில காயும், காஞ்சா வராது, காலமையும் பின்னேரமும் நான் போய் ஊத்திக்கொண்டு இருந்தன். மனுசி சொன்னா, எனக்கு ஒருநாளும் நீங்கள் உப்பிடித் தேத்தண்ணி ஊத்தித் தந்ததில்ல எண்டு.

ஆறாம்நாள் பாதி. பத்தாம்நாள் சீனியைத் தொடேல்ல, ஆனா கருவாட்டுப் பெட்டியடியில நிக்குது. ஒரு நேரம் இனிப்புத் தேடும், ஒரு நேரம் எண்ணையும் இறைச்சியும் தேடும், குஞ்சுகளுக்கு அதுதானாம். மீன்ரின்னில இருந்து கொஞ்ச மீனை எண்ணையோட மசிச்சு, சொட்டு வெங்காரம் தடவி வைச்சன், அதையும் இழுத்துக்கொண்டு போச்சுது. மூண்டு கிழமை முடிய உள்ளுக்க ஒண்டும் இல்ல. அதுக்குப் பிறகு தலைமாட்டுப் பிளைவுட்டைக் கழட்டிப் பாத்தன், ரெஜிபோமுக்குள்ள குடைஞ்சு குடைஞ்சு வழி வைச்சு, காஞ்ச அரிசிக்குறுணல் மாதிரி முட்டையும் செத்த எறும்புமாக் கிடந்தது. நாங்கள் தலைவைச்சுப் படுத்த இடத்துக்கு ஒரு சாண் அங்கால. வேண்டி அடைச்ச ரெஜிபோம் எனக்குக் குளிருதோ இல்லையோ, அதுகளுக்கு நல்ல சொகுசு. பஸ், கொன்ரெய்னர், எதுக்குள்ளயும் குடியிருக்கிற ஆக்கள் ரெஜிபோம் அடைச்சா விளிம்பெல்லாம் சிலிக்கன் வைச்சு அடையுங்கோ. சவர்க்காரத் தண்ணியால பழைய வழியெல்லாம் அதுக்குப் பிறகுதான் துடைச்சன்.

வெங்காரமும் நஞ்சுதான், அதையும் சொல்லிப்போடோணும். சின்னப்பிள்ளை, நாய் பூனை எட்டுற இடத்தில வைக்கவேண்டாம், கரைச்ச போத்திலில பேர் எழுதி வையுங்கோ, சீனித்தண்ணி மாதிரியே இருக்கும்.

மருந்து ஒரு பக்கம், பாலம் ஒரு பக்கம். வாகனத்தில இருக்கிறதில ஒரு நன்மை இருக்கு, வீடு மாதிரி நிலத்தோட ஒட்டியிருக்காது, நிலத்தைத் தொடுற இடத்தை விரல்விட்டு எண்ணலாம். நான் ஒரு பின்னேரம் லைட் அடிச்சு அடிச்சு எண்ணினன். ஆறு ரயர், அடியில குடுத்த ரெண்டு முட்டுக்கட்டை, தண்ணிக் குழாய், கழிவுத்தண்ணிக் குழாய், தூணில இருந்து வாற வயர், உடுப்புக் காயப்போடுற கயிறு, கூரையில முட்டுற பாலைக் கொப்பு. கடைசி ரெண்டும்தான் பெரிய பாலம், நாங்கள் ரயரையே பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். கொப்பை வெட்டினன், கயிறை அவிட்டன். ரயருக்குக் கிறீஸ் பூசச் சொன்னாங்கள், பூசவேண்டாம், ரப்பர் பழுதாகும், நான் ஜாக்கியால தூக்கி நாலு முதிரைக் குத்தியில பஸ்ஸை இருத்திப்போட்டு ஒவ்வொரு குத்தியையும் ரின்னுக்குள்ள தண்ணிவிட்டு வைச்சன், அந்தக்காலத்தில அலுமாரிக் காலுக்குச் சிரட்டையில தண்ணி வைக்கிறதுதானே. ஒரு கிழமையில சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயா வந்தார், ரின்னுக்குள்ள எட்டிப் பாத்தார், நுளம்புக் குடம்பி நெளியுது. எறும்பை விட்டுட்டு டெங்கை வளக்கிறீரோ எண்டு பேசிப்போட்டுப் போனார், பேசினது நியாயம். இப்ப தண்ணி இல்ல, கழிவு ஒயில், மழை விழுந்து வழிஞ்சு நிலத்தில போகாமல் குத்தியில பழைய பேசினை ஓட்டைபோட்டுக் கவிட்டுக் குடைமாதிரி விட்டிருக்கிறன். வயருக்கும் குழாய்க்கும் துணி சுத்தி அதில கிறீஸ், கிழமைக்கு ஒருக்காத் தூசி பாத்துப் புதுசாப் பூசோணும், தூசி படிஞ்சா அதுக்கு மேலால நடந்து வரும், அவ்வளவு கெட்டித்தனம்.

பெரும்போக வெட்டுக்கு மாசியில வெளிமாவட்டத்தில இருந்து வெட்டு மிசினோட வந்த பெடியள் எங்கட பக்கம் லொறிக்குள்ளதான் ஒரு மாதம் படுத்தெழும்பினவங்கள். அவங்களின்ர லொறியிலயும் இதே பொடியன்தான், பாண், வாழைப்பழம், சீனி எல்லாத்திலயும். ஸ்பிரே ரின் கையில வைச்சிருந்தான் ஒருத்தன். பறிச்சு வைச்சுப்போட்டு மூடியும் பஞ்சும் குடுத்தன். போகேக்க வெங்காரம் எங்க எடுத்தனியள் எண்டு கேட்டுட்டுத்தான் போனவன்.

மனுசிக்கு இன்னும் மனம் இல்ல. அதுகும் ஒரு சீவன், வாசலில மாக்கோலம் போடுறதே அதுகள் தின்னட்டும் எண்டுதானே எண்டுவா. அதால ஒரு ஒப்பந்தம் செய்திருக்கிறம், பாலை மரத்தடியில வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவ ஒரு பிடி அரிசிமா போடுவா, அங்க நான் தலையிடேல்ல, ஒயில் ரின்னுக்கு இங்கால வந்தா அவ தலையிடேல்ல. பங்குனி முழுக்க ஒண்டும் வரேல்ல. பாலை இப்ப பூத்து நிக்குது, வைகாசிக்குப் பாப்பம்.

மஞ்சள் குறிப்பைத் திரும்பப் போடுறதெண்டா ஐயா, எங்கட கால் கிலோவின்ர காசையும் சேத்து அனுப்பிவிடுங்கோ, மனுசி கணக்கு வைச்சிருக்கிறா.

இப்படிக்கு,
பஸ் வீட்டுக்காரன்,
மாங்குளம்.